நடுநிலை மிதப்பா, அந்தர மிதப்பா? முட்டையை முன்வைத்துச் சில கருத்துகள்

மதிப்பிற்குரிய குழுவினர் அனைவருக்கும் மேலூரிலிருந்து வணக்கம்.

மிதப்பு தொடர்பான பள்ளிக் கலைச்சொற்களைப் பற்றி, குறிப்பாக ஒரு பொருள் நீருக்குள் மூழ்கவும் செய்யாமல் மேலே வரவும் செய்யாமல் நிற்கும் நிலைக்கு (neutral buoyancy) ‘நடுநிலை மிதப்பு’ என்ற சொல் பொருந்துமா என்பதைப் பற்றி, நம் குழுவில் கடந்த பத்து நாள்களாக நடந்துவரும் உரையாடலை முழுதும் படித்த பிறகே இதை எழுதுகிறேன். இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒரு சொல் அகராதியில் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிலும், வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்பதே எனக்கு முதலில் தோன்றும். அந்த நோக்கில், குழுவில் அன்பர்கள் எழுதிய சில வரிகளை மேற்கோளாகக் காட்டி, அவற்றுக்கு என் கருத்துகளை முன்வைக்கிறேன்.

> முட்டை உப்புநீரின் நடுவில் நிற்பதைக் காட்டினால், ‘நடுநிலை மிதப்பு’ என்ற சொல் பிள்ளைகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

அம்மா, தாங்கள் குறிப்பிடும் சோதனையை நானும் பல ஆண்டுகள் செய்து காட்டியிருக்கிறேன். கண்ணாடிக் குடுவையில் பாதியளவு கெட்டியான உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் கரண்டியின் முதுகு வழியாக நல்ல தண்ணீரைக் கலங்காமல் வழியவிட்டால், முட்டை இரண்டு நீரும் சேரும் இடத்தில் வந்து நிற்கும். பார்க்க மிக அழகான காட்சி அது. ஆனால் அங்கே முட்டை நிற்பதற்குக் காரணம், கீழே உள்ள நீர் முட்டையைவிட அடர்த்தி மிக்கதாகவும் மேலே உள்ள நீர் அடர்த்தி குறைந்ததாகவும் இருப்பதுதான். முட்டையைச் சற்றே கீழே அழுத்திவிட்டால் மேலே வரும், மேலே தூக்கிவிட்டால் கீழே இறங்கும். அதாவது அது தன் இடத்தைத் தேடித் திரும்பி வருகிறது. நாம் சொல் தேடும் நிலை இதுவன்று.

பொருளின் அடர்த்தியும் அதைச் சூழ்ந்த நீர்மத்தின் அடர்த்தியும் சமமாக இருக்கும் நிலைக்கே நாம் பெயர் தேடுகிறோம். அதைக் காட்ட, ஒரே சீராகக் கலந்த உப்புநீர் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 120 கிராம் உப்பு கரைந்த கட்டத்தில், முட்டை அடித்தரையை ஒரு முனையால் மட்டும் தொட்டுக்கொண்டு தயங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுக் கலக்கிக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சிட்டிகை கூடினால் மேலே போய்விடுகிறது, ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்தால் கீழே அமர்ந்துவிடுகிறது. கிட்டத்தட்ட சரியான பதம் வந்தபோது, கரண்டிக் காம்பால் முட்டையைக் கீழே தள்ளினால் கீழேயே நின்றது, மேற்பரப்புக்கு அருகில் கொண்டுபோய் விட்டால் அங்கேயே நின்றது. எங்கே விட்டாலும் அங்கே நிற்பதுதான் அந்த நிலையின் இலக்கணம். அதில் ‘நடு’ என்பதற்கு இடமே இல்லை. என்னிடம் படித்த ஒரு மாணவி, ‘நடுநிலை மிதப்பு என்பது ஒரு பொருள் பாத்திரத்தின் பாதி உயரத்தில் நிற்பது’ என்று தேர்வில் எழுதியிருந்தாள். அன்று அந்த விடைக்கு நான் மதிப்பெண் தரவில்லை. அந்தப் பிள்ளையைத் தவறாக வழிநடத்தியது நான் கற்றுக்கொடுத்த சொல்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

இன்னொரு இடரும் உண்டு. ‘நடுநிலைச் சமநிலை’ என்ற சொல் விசையியலில் ஏற்கெனவே இருக்கிறது. அமிலமும் காரமும் அல்லாத கரைசலையும், மின்னூட்டம் அற்ற பொருளையும் குறிக்க அதே ‘நடுநிலை’ வருகிறது. முட்டையைப் பற்றிய பாடத்தில் உப்புக் கரைசலும் வருவதால், ‘நடுநிலை’ என்றதும் வேதியியல் பாடத்துக்குத் தாவும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

> அடியில் கிடக்கும் முட்டைக்கும் ‘மிதப்பு விசை’ உண்டு என்றால் மாணவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.

ஏற்க மறுப்பது அவர்களுடைய தமிழறிவுக்குச் சான்று என்றே சொல்வேன். மூழ்கிக் கிடப்பதை ‘மிதப்பு’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளாது. விசைக்கும் நிலைக்கும் ஒரே பெயரை வைத்ததுதான் இங்கே சிக்கல். இதற்கு நாம் புதிதாக உழைக்க வேண்டியதில்லை. ஈழத்துப் பாடநூல்களில் அந்த விசைக்கு ‘மேலுதைப்பு’ என்ற அருமையான சொல் வழக்கில் இருக்கிறது. நீர் மேல்நோக்கி உதைக்கிறது; உதைப்பு எடையைவிடக் குறைவாக இருந்தால் பொருள் மூழ்கும், மிகுந்தால் மேலே எழும்பி மிதக்கும். மூழ்கிய முட்டைக்கும் மேலுதைப்பு உண்டு என்று சொல்லும்போது எந்தப் பிள்ளைக்கும் முரண் தோன்றாது.

அதைக் கண்ணால் காட்டவும் எளிய வழி இருக்கிறது. மளிகைக் கடைகளில் இருப்பது போன்ற மின்னணுத் தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். 54 கிராம் எடையும் 50 மில்லிலிட்டர் பருமனும் உள்ள முட்டையை நூலில் கட்டி, அடியைத் தொடாதபடி முழுதும் நீருக்குள் தொங்கவிட்டால், தராசு 50 கிராம் காட்டும். முட்டை விலக்கிய நீரின் எடை அது. நூலைப் பிடித்திருக்கும் கைக்கு மீதி 4 கிராம் மட்டுமே தெரியும். பிறகு முட்டையை அடியில் அமரவிட்டால் தராசு 54 காட்டும். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் பலகையில் நான் எழுதியபோதெல்லாம் கொட்டாவி விட்ட வகுப்புகள், அந்த 50 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்து வந்து தராசைச் சூழ்ந்துகொண்டன. நூலைத் தம் கையில் தரும்படி கேட்காத பிள்ளை இல்லை.

> கெட்ட முட்டைக்குள் வாயு சேர்ந்து அதுவே முட்டையைத் தூக்குவதால், ‘வாயுமிதப்பு’ என்றொரு சொல்லையும் சேர்க்கலாம்.

ஐயா, இதைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொருத்தமற்ற காரணத்தைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால், சொல் இருக்கும் காலம் வரை அந்தப் பிழையும் வாழும். முட்டை ஓடு விரியாதது. உள்ளே எவ்வளவு வாயு உண்டானாலும் வெளிப் பருமன் மாறாது. அந்த வாயுவும் முட்டைக்குள் இருந்த பொருளிலிருந்தே உண்டானது என்பதால், உள்ளேயே அடைபட்டிருக்கும் வரை எடையும் மாறாது. பருமனும் எடையும் மாறாதபோது அடர்த்தி எப்படிக் குறையும்? ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் ஆவியாகி நாள்தோறும் வெளியேறுவதாலும், கூடவே கரியமில வாயு கசிவதாலும் எடை குறைகிறது. நான் சொன்ன 54 கிராம் முட்டை 4 கிராமுக்குச் சற்று மேல் இழந்துவிட்டால் நல்ல தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கும். ஆகவே மிதப்பு சொல்வது முட்டையின் வயதை மட்டுமே. மிதக்கும் முட்டை எல்லாம் கெட்டதும் இல்லை, நுண்ணுயிர் புகுந்த முட்டையும் புதிதாக இருந்தால் மூழ்கத்தான் செய்யும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கூடையில் திறந்து கிடக்கும் முட்டை, குளிரான இடத்தில் வைத்த முட்டையைவிட விரைவில் எடை இழக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெளியேறிய நீரின் இடத்தைப் பிடிக்கும் காற்று, முட்டையின் அகன்ற முனையில் இரண்டு ஓட்டுச் சவ்வுகளுக்கும் இடையே சேர்கிறது. கோழியின் உடலுக்குள் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்த முட்டை, இட்ட பிறகு ஆறிச் சுருங்கும்போதே அந்த வெற்றிடம் தோன்றிவிடுகிறது. நாள் ஆக ஆக அது பெருகுகிறது. புது முட்டை தண்ணீரில் படுத்துக் கிடப்பதும், சில நாள் ஆன முட்டை அகன்ற முனையைத் தூக்கிக்கொள்வதும், இன்னும் பழையது செங்குத்தாக நிற்பதும் இதனால்தான். இந்த இடத்துக்குப் பலரும் எழுதும் ‘காற்றுப்பை’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பறவையின் மூச்சு மண்டலத்தில் உள்ள பைகளுக்கு அதே பெயர் இருக்கிறது, மீனின் உடலில் உள்ள பைக்கும் அதையே எழுதுகிறார்கள். முட்டையில் இருப்பது சவ்வுகளுக்கு இடையே ஒதுங்கிய ஓர் அறையே என்பதால் ‘காற்றறை’ போதும். என் அப்பத்தா அடை வைத்த முட்டைகளைப் பதினெட்டாம் நாளுக்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். எல்லாமே மிதக்கும், உயிருள்ளவை மட்டும் துடித்து ஆடும், கூமுட்டை (குஞ்சு பொரிக்காத முட்டை) அசையாமல் கிடக்கும். அடைக்காலமான 21 நாள்களில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீரை இழப்பதால்தான் அவை எல்லாமே மிதந்தன என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

இனி, ‘நடுநிலை மிதப்பு’க்கு மாற்று. குழுவில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக வகுப்பில் சொல்லிப் பார்ப்பது போலச் சொல்லிப் பார்த்தேன். ‘நிகர்மிதப்பு’ என்றால், நிகர லாபம் என்பதில் வரும் நிகரமாக எண்ணி, கழித்து மீந்த மிதப்பு என்று பொருள் கொள்வார்கள். ‘ஒப்புமிதப்பு’, ஒப்படர்த்தி (நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்ற சொல்லின் பக்கத்தில் நிற்கும்போது வேறொன்றோடு ஒப்பிட்ட மிதப்பு என்றாகிவிடும். ‘சமமிதப்பு’ இரண்டு பொருள்கள் ஒரே அளவில் மிதப்பது போல் ஒலிக்கிறது.

‘இடைமிதப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குறுகிய சொல், தூய தமிழ், ‘நடு’வின் குறையும் இல்லை. ஆனால் நம் பேச்சில் இலை எலையாவது போல இடை எடையாகிவிடுகிறது. எடையைப் பற்றியே பேசும் பாடத்தில் ‘எடைமிதப்பு’ என்று காதில் விழுந்தால் குழப்பம் தீராது.

‘நிலைமிதப்பு’ என்பதற்கு நம் கிணறுகளே மறுப்புச் சொல்லும். நீச்சல் பழகியவர்களுக்கு ‘நிலை’ என்றால் கால் தரையில் ஊன்றும் ஆழம். செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோளுக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்றிலும் அந்தப் பொருளே வருகிறது: ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று தொடங்கி, யானைக்கு நீத்து (நீந்த வேண்டிய ஆழம்) என்றும் முயலுக்கு நிலை என்றும் சொல்லும் அந்தப் பாடலில், சொற்களை மாற்றிக் கூட்டி, சுரை மிதக்க அம்மி ஆழ, யானைக்கு நிலை, முயலுக்கு நீத்து என்று கொள்ள வேண்டும். மூழ்குதலும் மிதத்தலும், நிலையும் நீத்தும் ஒருங்கே வரும் அந்த வரிகளில், ‘நிலை’ அடியைத் தொடுவதற்கே உரியதாக இருக்கிறது. எதையும் தொடாமல் நிற்பதற்கு அதை வைப்பது சொல்லின் பொருளுக்கே எதிரானது.

எனக்கு விடை கிடைத்தது வயலில்தான். பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் வரும் பருவத்தில், நாற்றங்காலுக்கு முன் எங்கள் பகுதியில் உப்புநீரில் விதைநெல் தேர்வார்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அன்று இட்ட கோழிமுட்டையை உள்ளே விட்டு, உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வருவார்கள். முட்டை மேலே வந்து நாலணா (25 காசு நாணயம்) அகலத்துக்கு முகம் காட்டினால் பதம் சரி. 2011 ஜூன் 30 முதல் நாலணாக் காசு செல்லாது என்றாலும் அளவு இன்றும் நாலணாதான். அந்த நீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் (அரைகுறையாக விளைந்த நெல்லும்) மேலே வர, முற்றிய மணிகள் அடியில் தங்கும். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிடுவார்கள். பழைய முட்டையை வைத்தால், உப்புப் போதுமுன்பே அது மிதந்துவிடும், கருக்காயும் விதையோடு சேர்ந்து இறங்கிவிடும். அதனால்தான் புது முட்டை கேட்கிறார்கள். முட்டையை அவர்கள் அடர்த்திமானியாகவே பயன்படுத்துகிறார்கள்.

அந்த வேலையின் நடுவே, முட்டை தரையை விட்டு எழும்பி, மேலேயும் வராமல் நின்ற கணத்தில் என் சித்தப்பா சொன்னார்: “அந்தரத்துல நிக்குதுப்பா, இன்னும் ரெண்டு கை போடு.” அடியையும் தொடவில்லை, மேற்பரப்பையும் தொடவில்லை, பிடிமானம் எதுவும் இல்லாமல் நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல் முழுதாகச் சொல்லிவிட்டது. நடு என்றோ மேல் என்றோ இடம் எதையும் அது குறிக்கவில்லை. ஆகவே ‘அந்தர மிதப்பு’ என்பதை முன்மொழிகிறேன். நீர்மூழ்கிக் கப்பல் அந்தர மிதப்புக்கு வந்தது என்றும், மீன் தன் பையில் உள்ள வாயுவைக் கூட்டிக் குறைத்து அந்தர மிதப்பில் நிற்கிறது என்றும் தடையில்லாமல் எழுத முடிகிறது.

இச்சொல்லுக்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். அந்தரம் வடசொல் என்பது உண்மை. ஆனால் எழுத்தறியாத உழவரின் வாயிலும் இயல்பாக வரும் சொல்லை விலக்கிவிட்டு, விளக்கம் இல்லாமல் புரியாத தூய சொல்லை வைப்பதில் பிள்ளைகளுக்குப் பயன் இல்லை என்பது என் துணிவு. ஈழத்து நண்பர்களுக்கு அந்தரம் என்றால் அவசரம், தவிப்பு என்ற பொருள் முன்னால் வரும் என்பது இன்னும் கனமான மறுப்பு. மேலுதைப்பை அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும் நாம், இந்தச் சொல்லை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது. அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகே பட்டியலில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அகன்ற முனை மேலாக, கூர்முனை தரையைத் தொட, முட்டை செங்குத்தாக நிற்கும் கட்டத்துக்குத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தனிச்சொல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்வதை அடுத்த மடலில் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
மேலூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்