அம்மாவின் முதுகும் இருபது மூட்டை உருளைக்கிழங்கும்

கோத்தகிரியிலிருந்து

அப்பா காலமான பிறகு, ஏழு ஆண்டு அமெரிக்க வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். வட கரோலினாவில் நான் ஓட்டியது ஹோண்டா ரிட்ஜ்லைன் என்ற பிக்அப். இங்கே ஓட்டுவது அப்பா விட்டுச்சென்ற இரட்டைக் கேபின் பிக்அப். பிக்அப் என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பழகிய உடம்பை இன்னொன்றில் உட்காரவைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. அம்மாவின் முதுகுக்கு இன்னும் பழகவில்லை. மலையில் இரண்டு விதமான பிக்அப்களையும் ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ரிட்ஜ்லைன் நம் நாட்டில் விற்பனைக்கு வரவில்லை. 2005இல் அமெரிக்காவில் அறிமுகமானது. வழக்கமான பிக்அப்பில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் கீழே தனியாகக் கிடக்கும். அதன்மேல் கேபினையும் பின்தொட்டியையும் தனித்தனியாக ஏற்றி போல்ட் போடுவார்கள். ரிட்ஜ்லைனில் காரைப் போலவே உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தவை. பின்சக்கரங்கள் இரண்டும் சுருள்வில்லின் மேல் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்குச் சேதி போகாது. நான் வைத்திருந்தது இரண்டாம் தலைமுறை, 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின், 280 குதிரைத்திறன். பின்தொட்டியின் தரைக்கு அடியில் பூட்டுப்போட்ட பெட்டி ஒன்று உண்டு, தண்ணீர் வடிந்துபோக அதன் அடியில் அடைப்பானும் உண்டு. சுற்றுலா போகும்போது அதில் பனிக்கட்டியைக் கொட்டி மோரும் தண்ணீரும் வைத்துக்கொள்வோம்.

சேலத்துக்கார நண்பன் ஒருவனிடம் டொயோட்டா டகோமா இருந்தது. 1995 முதல் வந்துகொண்டிருக்கும் வண்டி. அவனுடையது மூன்றாம் தலைமுறை. ஏணிச் சட்டம், பின்னால் சுருள்வில்லுக்குப் பதில் லாரியைப் போல அடுக்கிய இரும்புப் பட்டை. 2024 மாடலில்தான் அதன் பெரும்பாலான வகைகளுக்குப் பின்னால் சுருள்வில் வந்தது. இழுவைத் திறனில் என்னுடையதை எளிதாக மிஞ்சும். ரிட்ஜ்லைனுக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ என்றால், அந்த டகோமாவில் அதிகபட்சம் 3,000 கிலோவைத் தாண்டும்.

இருவரும் குடும்பத்தோடு மவுன்ட் மிட்செல் பக்கம் போனோம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். உயரம் 2,037 மீட்டர். நம் உதகை பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பவரே அதைவிட உயரத்தில்தான் நிற்கிறார்! சிகரம் வரைக்கும் வழவழப்பான தார்ச்சாலை. போகும்போதே நண்பனின் மகள் என் வண்டிக்கு மாறிக்கொண்டாள். "மாமா வண்டியில் படம் வரைய முடிகிறது" என்பது அவள் சொன்ன காரணம். பென்சில் நடுங்காமல் கோடு போட முடிகிறதென்றால், சொகுசுக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

மறுநாள் காட்டுக்குள் சரளைச் சாலையில் இறங்கவேண்டியிருந்தது. இரவெல்லாம் மழை. நண்பன் வண்டியை மிக மெதுவாக, அதிக விசையோடு நகர்த்தும் லோ கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டான். வண்டி ஆமை போலத் தானாக இறங்கியது. ரிட்ஜ்லைனில் லோ கியர்ப் பெட்டி கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டு, தேவைப்பட்டால் 70 சதவீதம் வரை பின்னுக்கு அனுப்பும் நல்ல ஏற்பாடு உண்டு. ஆனால் அது ஏறும்போதும் வழுக்கும்போதும் கைகொடுப்பது. இறக்கத்தில் என் காலும் பிரேக்கும்தான். மிதித்து மிதித்து இறங்கிச் சேர்ந்தேன். ஆபத்து எதுவும் இல்லை, கால்தான் வலித்தது.

இனி ஊர்க்கதை. முதல் அறுவடையில் 45 கிலோ மூட்டையாக 20 மூட்டை உருளைக்கிழங்கு, ஆக 900 கிலோ. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பினேன். கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டரில் 1,400 மீட்டருக்கும் மேல் இறங்குகிற சாலை. பயந்துகொண்டேதான் வண்டியை எடுத்தேன். ஆனால் வெறும் வண்டியில் எகிறி எகிறிக் குதித்த அதே பின்பாகம் அன்று சாப்பிட்டு முடித்த மாடு போல அமர்ந்துகொண்டது. இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. ரிட்ஜ்லைனில் ஆட்களையும் சேர்த்தே ஏறத்தாழ 700 கிலோதான் ஏற்றலாம். இந்த 20 மூட்டையை அதில் இரண்டு நடையாகத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். அப்பா ஏன் இந்த வண்டியை வாங்கினார் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

ஆனால் மாதம் ஒருமுறை அம்மாவைக் கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறேன். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை ஆனவர். பின்தொட்டி காலி. ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். "உங்கள் அப்பாவோடு முப்பது வருடம் இந்த மாதிரி வண்டியில்தான் போனேன், அப்போது தெரியவில்லை" என்கிறார். அவர் குறை சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வலிக்கிறது. இதை விற்றுவிட்டுச் சொகுசான பிக்அப் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ரிட்ஜ்லைன் மாதிரி கார் உடம்புள்ள பிக்அப் இங்கே எதுவும் கிடைப்பதில்லை. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டும் உள்ளே கார் போல இருந்தாலும் அடியில் ஏணிச் சட்டமும் பட்டையும்தான். அப்படியானால் மாற்றுவதில் பயன் உண்டா?

மஞ்சூரிலிருந்து

தம்பி, உங்கள் கேள்விக்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அம்மாவை அழைத்துப்போகும் நாளில் பின்சக்கரத்தில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள்?

இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் பிக்அப் ஓட்டுகிறேன். பச்சைத் தேயிலை, கேரட், முட்டைக்கோஸ், செங்கல், கல்யாணப் பாத்திரம் என்று ஏற்றாதது இல்லை. மூட்டை ஏற்றும் நாளுக்கு ஒரு காற்று, வெறும் வண்டிக்கு ஒரு காற்று. பல வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலேயே இரண்டு அளவும் தனித்தனியாக எழுதியிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. மண்டிக்குப் போகும்போது ஏற்றிய காற்றோடு மாதம் முழுவதும் ஓட்டுவார்கள். டயரும் கல், பட்டையும் கல் என்றால் நடுவில் இருக்கிற மனிதர் என்ன ஆவார்?

பட்டையின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அரிவாள் அடிக்கிறவர் பழைய லாரிப் பட்டையைத்தான் தேடுவார். அவ்வளவு உறுதியான இரும்பு. அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு டன் ஏறினால் வளையும்படி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் ஏற்றாமல் ஓட்டினால் அது வளையாது, துள்ளும். அதனால் காலியாக நீண்ட தூரம் போகும் நாளில் நான் இரண்டு மணல் மூட்டையைக் கேபினை ஒட்டிப் போட்டு, நகராதபடி கயிறு கட்டிவிடுவேன். துள்ளல் குறையும். மழையில் பின்சக்கரம் வழுக்காமல் பிடிக்கும்.

சுமை அடுக்குவதையும் சொல்லிவிடுகிறேன். கனமான மூட்டை எப்போதும் கேபின் பக்கம் வரவேண்டும். இறக்குவதற்கு வசதி என்று பின்கதவு ஓரத்தில் அடுக்குகிறவர்கள் உண்டு. பின் அச்சுக்கு வெளியே பாரம் போனால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஏற்றத்து வளைவில் ஸ்டியரிங் லேசாகிவிடும். எங்கள் மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடை போகிற சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். அங்கே ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

நீங்கள் லோ கியர் பற்றி எழுதியது சரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அந்த வாரம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் சேறும் கல்லும் மரமும்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற, லோ கியர் உள்ள வண்டிகள்தான் அரிசியும் பாலும் கொண்டுவந்தன. அந்த நாள்களில் யாரும் சீட்டு மெத்தையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாள் வருடத்தில் எத்தனை வரும், மருத்துவமனை நாள் எத்தனை வரும் என்று நீங்கள்தான் எண்ணவேண்டும்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே எழுதுகிறேன். எந்தப் பிக்அப்பாக இருந்தாலும் இலை பறிக்கிற பெண்களைப் பின்தொட்டியில் நிற்கவைத்து ஏற்றிப்போகாதீர்கள். சட்டப்படியும் தவறு. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வளைவில் பின்தொட்டி எப்படி வீசும் என்பது முன்னால் மெத்தையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

குன்னூரிலிருந்து

மஞ்சூர் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். ஆனாலும் சொகுசு வண்டிக்காக ஒருவராவது பேசவேண்டும் என்று எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்துக்குள் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். தினமும் 50, 60 கிலோமீட்டர் நானே ஓட்டுகிறேன். முதலில் ஏழு வருடம் பழைய முரட்டுப் பிக்அப். இப்போது நான்கு வருடமாகத் தானியங்கிக் கியருள்ள சொகுசுப் பிக்அப். நான் ஏற்றுவது காஸ் சிலிண்டர், காய்கறி, விரிப்பு மூட்டைகள், விருந்தினர் பெட்டிகள். 200 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அடியில் பட்டைதான் என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் இருக்கையும், கேபினுக்கு அடியில் உள்ள ரப்பர்த் தாங்கிகளும், சத்தம் உள்ளே வராத அமைப்பும் சேர்ந்து மாலையில் எனக்கு மிச்சம் வைக்கிற தெம்பு இருக்கிறதே, அதைத் தராசில் நிறுத்த முடியாது. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். இப்போது மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

சத்தம் குறைவதால் இன்னொரு நன்மை. கட்டபெட்டு அருகே ஒரு மாலையில் பனிமூட்டத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன். கண்ணாடியை இறக்கியிருந்ததால் புதர் முறியும் ஓசை கேட்டது. நிறுத்தினேன். பத்தடி முன்னால் காட்டெருமைகள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன, கன்றோடு சேர்த்து ஆறு. பழைய வண்டியில் இன்ஜின் இரைச்சலில் அந்த ஓசை என் காதில் விழுந்தே இருக்காது.

குறை என்றால் நீளம். ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டுமே 5.3 மீட்டர். குன்னூர் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்த இடம் தேடியே பாதி காலை போய்விடும். தோட்டத்துச் சாலையின் குறுகிய வளைவில் ஒருமுறை பின்னுக்கு எடுத்துத்தான் திரும்பவேண்டும். கோத்தகிரித் தம்பி, உங்கள் தோட்டத்துச் சாலையில் எத்தனை வளைவு என்று அளந்துபார்த்துவிட்டு முடிவெடுங்கள். பதிவையும் கவனியுங்கள். வெள்ளைப் பலகை வண்டியில் உங்கள் விளைச்சலை நீங்கள் கொண்டுபோகலாம்; அக்கம்பக்கத்தார் மூட்டையை வாடகைக்கு ஏற்ற முடியாது. உங்கள் அப்பா வண்டி மஞ்சள் பலகை என்றால் அந்த வருமானமும் போய்விடும்.

மீண்டும் கோத்தகிரியிலிருந்து

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் செய்துபார்த்துவிட்டு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

கதவுத் தூணில் தாள் இருந்தது. அப்பா காலத்துத் தூசியைத் துடைத்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. பின்சக்கரத்தில் நான் வைத்திருந்தது முழுச் சுமைக்கான காற்று, மாதக்கணக்கில். காலி வண்டிக்கான அளவுக்குக் குறைத்தேன். பட்டைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். இடையில் துருவும் சேறும் இறுகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவேண்டிய இடங்கள் பூட்டிக்கொண்டிருந்தன. சுத்தம் செய்து மாட்டினார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் ஓய்ந்துபோயிருந்தன, புதிதாகப் போட்டேன். புது வண்டியின் முன்பணத்தில் ஒரு மூலைக்குக்கூட வராத செலவு.

ரிட்ஜ்லைன் ஆகிவிட்டதா என்றால் இல்லை. அந்தச் சேலத்துப் பெண் இதில் படம் வரைய முடியாது. அக்கா சொன்ன தெம்பு விஷயமும் என் மனதில் நிற்கிறது; தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவனாக இருந்தால் மாற்றியே தீருவேன். ஆனால் என் கணக்கில் வருடத்துக்கு மருத்துவமனை நாள் பன்னிரண்டு, மூட்டை நாள் நூற்றுக்கு மேல். எங்கள் தோட்டத்துச் சாலையில் ஆறு வளைவு; நான்கில் 5.3 மீட்டர் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது என்று கயிறு போட்டு அளந்துவிட்டேன். பலகையும் மஞ்சள்தான்.

நேற்று மருத்துவமனை நாள். அண்ணன் சொன்னபடி இரண்டு மணல் மூட்டையைக் கேபினை ஒட்டிக் கட்டினேன். அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறிய தலையணை. அரவேனு தாண்டும் வரை அம்மா வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். நான் இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கை கைப்பிடியை விட்டு மடிக்கு வந்தது. குஞ்சப்பனை வருவதற்குள் தூங்கிவிட்டார்.