பெரியப்பா கண்டுபிடித்த 6 ஜிபி

பெரியப்பா: யாராவது இருக்கிறீர்களா? லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று வந்தது, சரி என்று சி டிரைவைத் திறந்து மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி மாற்றிப் பார்த்தால் ஹைபர்ஃபில்.சிஸ் என்று ஒன்று 6 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் ஏற்றியது இல்லை. அழிக்கப் போனால் வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கிறது என்கிறது. வைரஸா?

வசந்தி அத்தை: அண்ணா, இதைப் பாருங்கள், எனக்கு நேற்றுத்தான் வந்தது 👇

வசந்தி அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) ⚠️ சிஸ் என்று முடியும் பெரிய கோப்பு இருந்தால் உங்கள் கணினி வேறொருவர் கையில்!! உடனே அழிக்கவும். 10 பேருக்கு அனுப்பவும் 🙏

கவின்: பெரியப்பா, அழிக்காதீர்கள்!

கவின்: அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது?

பெரியப்பா: ஃபோல்டரே இல்லை. சி டிரைவைத் திறந்ததும் வெளியிலேயே.

கவின்: அப்படியென்றால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அது விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்வது. இதே பெயரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்திருந்தால் நானே பயந்திருப்பேன்.

மீனா: அதைக் காட்டுவதற்கு முன்னால் விண்டோஸ் ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்குமே, படித்தீர்களா?

பெரியப்பா: ஏதோ வந்தது. சரி என்று அழுத்திவிட்டேன்.

மீனா: 😂

பெரியப்பா: சிரித்தது போதும், 6 ஜிபி எதற்கு?

கவின்: ஹைபர்நேட், அதாவது வேலையை அப்படியே சேமித்துவிட்டு அணைவது, நடக்கும்போது ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகம்) இருப்பதையெல்லாம் அந்தக் கோப்பில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிடும், மறுபடி போட்டதும் அதிலிருந்து எடுத்து அப்படியே விரிக்கும். சுருக்கி எழுதுவதால் ரேம் அளவுக்கு இடம் வேண்டாம், விண்டோஸ் 10இல் வழக்கமாக அதில் 40 சதவீதம். உங்களுடையது 16 ஜிபி ரேம், கணக்குப் போட்டால் 6.4.

மீனா: இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் பாதியில் விட்ட கடிதம் அப்படியே நிற்கிறது என்று போன வாரம் பெருமைப்பட்டீர்களே, அது இதன் வேலையாகத்தான் இருக்கும்.

பெரியப்பா: ஓ.

ரவி சித்தப்பா: அண்ணா, 2002இல் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? கரடிப் பொம்மை ஐகானோடு ஜேடிபிஜிஎம்ஜிஆர்.எக்ஸ்இ என்று ஒரு கோப்பு இருக்கும், அது வைரஸ், 14 நாள் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டும், எந்த ஆன்டிவைரஸும் கண்டுபிடிக்காது என்று மெயில் வந்தது. தேடினால் நிஜமாகவே கரடி இருந்தது! அழித்துவிட்டு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். பார்த்தால் ஜாவா நிரல்களில் பிழை தேடுவதற்காக மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸோடு கொடுத்தது. எல்லோர் கணினியிலும் கரடி இருந்ததால்தான் எல்லோரும் நம்பினோம். அப்புறம் ஒவ்வொருவருக்கும் மன்னிப்பு மெயில் வேறு.

வசந்தி அத்தை: எனக்கும் அனுப்பினாய்.

கவின்: இந்த ஃபார்வர்டும் அதே வகைதான் அத்தை, சிஸ் என்று முடியும் கோப்பு விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் இருக்கும். ஏமாற்றுகிறவர்கள் பெயரில்தான் விளையாடுவார்கள், விண்டோஸின் சொந்த நிரலான எஸ்விசிஹோஸ்ட் என்பதை எஸ்சிவிஹோஸ்ட் என்று எழுத்து மாற்றி வைப்பார்கள். அதனால் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும், இடத்தையும் பார்க்க வேண்டும், எக்ஸ்இ என்று முடியும் நிரல் என்றால் ப்ராப்பர்ட்டீஸில் யாருடைய டிஜிட்டல் கையொப்பம் என்றும் பார்க்கலாம். கையொப்பம் இல்லாததெல்லாம் வைரஸ் என்றும் இல்லை.

ரவி சித்தப்பா: கோப்பில் வைரஸ் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்தால்?

கவின்: சின்னக் கோப்புக்குச் சரி. இதை வேண்டாம் சித்தப்பா, அங்கே 650 எம்பிதான் வரம்பு, அதோடு ரேமில் இருந்ததெல்லாம் இதில் இருக்கும், பாஸ்வேர்டு உட்பட. வெளியே அனுப்பவே கூடாது.

பெரியப்பா: எனக்கு இடம் வேண்டுமே?

கவின்: கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்நேட்டை நிறுத்தினால் கோப்பு தானாகப் போய்விடும். ஆனால் வேகமாக பூட் ஆவதும் போய்விடும், பேட்டரி தீரும் நேரத்தில் வேலையைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது. முதலில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள்.

பெரியப்பா: அதில் 11 ஜிபி இருக்கிறது.

மீனா: பெரியப்பா!!

பெரியப்பா: காலி செய்தாயிற்று. பக்கத்தில் பேஜ்ஃபைல்.சிஸ் என்று இன்னொன்று இருக்கிறது.

கவின்: ரேம் போதாதபோது விண்டோஸ் கைமாற்று வாங்கும் இடம். அதையும் விடுங்கள், கோப்புகளை மறுபடி மறைத்துவிடுங்கள்.

வசந்தி அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி சித்தப்பா: அந்த 10 பேர்?

வசந்தி அத்தை: அனுப்பிக்கொண்டிருக்கிறேன், மன்னிப்பு.