கலைச்சொல்: கிளையில்லாமல் வரும் அப்பிள் கன்றுக்கு என்ன பெயர்?

லண்டன், ஆசிரியை:
வணக்கம். எங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளியின் பின்வளவில் பிள்ளைகளோடு ஆறு அப்பிள் மரம் நடப் போகிறோம். நேற்றுக் கட்டு வந்தது. மண் உதறிய வேர், நெஞ்சு உயரத்துக்கு ஒற்றைத் தண்டு, அவ்வளவுதான். "ரீச்சர், மரத்துக்குப் பதிலாகத் தடியை அனுப்பிவிட்டார்கள்" என்று ஒரு சின்னவன் அழப் பார்த்தான். இங்குள்ள தோட்டக்காரர்கள் இதை 'விப்' என்கிறார்கள். அறிவிப்புப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழில் என்ன எழுதலாம்? ஏன் கிளை இல்லை என்பதற்கும் இரண்டு வரி தேவை.

மதுரை:
அப்படியே பெயர்த்தால் சாட்டைக்கன்று. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் வேண்டாம். தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: "பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறிவு உயிர்க்கே." ஓரறிவு உயிர் என்றால் செடிகொடி மரங்கள். தென்னைக்குப் பிள்ளை, மாவுக்குக் கன்று என்று ஆகிவிட்டது. போத்து மீதம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல், நாற்றுப்பண்ணை:
ஐயா, போத்து மீதம் இல்லை. முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து என்றால் எங்கள் பக்கம் வேரில்லாமல் வெட்டி ஊன்றுவது. ஆசிரியையிடம் வந்திருப்பது வேருள்ள ஒட்டுக்கன்று. நடும்வரை அந்த வேரைக் காயவிடாமல் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பதுதான் முதல் வேலை. போத்து என்று எழுதினால் வேரை யார் கவனிப்பார்?

கிளை ஏன் இல்லை என்றால், அங்கே கோடையில் வேர்ச்செடியில், அதாவது வேருக்காக வளர்த்த செடியில், நல்ல ரகத்தின் ஒரு மொட்டை ஒட்டுவார்கள். குளிர்காலம் முடியும்போது, ஒட்டிய மொட்டுக்கு மேலே வேர்ச்செடியை வெட்டிவிடுவார்கள். வேரின் பலம் முழுவதும் அந்த ஒரு மொட்டுக்குப் போய், ஒரே பருவத்தில் ஆள் உயரத்தை எட்டப் பார்க்கும். நுனியில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு கீழே இறங்கி, இலைக்கக்கத்து மொட்டுகளை உறங்க வைக்கிறது. 1930களில் திமன், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. பண்ணையில் கன்றுகள் நெருக்கமாக நிற்பதால் பக்கத்தில் வெளிச்சமும் குறைவு. அடியில் தப்பித் தவறித் துளிர்ப்பதையும் கையால் தேய்த்து எடுத்துவிடுவோம். சில ரகங்கள் முதல் ஆண்டிலேயே கொப்பு விடும், அது வேறு.

இது குறையுள்ள கன்று இல்லை அம்மா. பிடுங்கும்போது நுண்வேர் நிறையப் போய்விடும். மேலே சுமை குறைவாக இருப்பதே அதற்கு நல்லது. நட்டபின் முக்கால் மீட்டர் உயரத்தில், ஒரு மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கீழே உறங்கிய மொட்டுகள் விழிக்கும். எந்தக் கிளை எங்கே வர வேண்டும் என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கலாம்.

யாழ்ப்பாணம்:
தங்கச்சி, எங்கள் ஆட்கள் கண்டவுடனே கதியால் என்றுதான் சொல்வார்கள். பூவரசங் கதியால் நட்டு வளர்ந்த வேலிகளை மறக்க முடியுமா? ஆனால் பண்ணைக்காரர் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்தும். கதியாலுக்கும் வேரில்லை.

மதுரை:
போத்தைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லாய்வாளர் தேவநேயப் பாவாணரும் அதைச் சினையின், அதாவது சிறுகிளையின், பிரிவாக வைத்து, அதன் பிரிவுக்குக் குச்சு என்றும், அதற்கும் அடுத்ததற்கு இணுக்கு என்றும் வரிசை தருகிறார். கிளையே இல்லாததற்குக் கிளையின் பெயர் ஆகாது. விளார் எப்படி? புளியவிளார் என்கிறோமே, நீண்டு மெலிந்து, பக்கக் கொப்பின்றி வளைவது. வளார் என்றும் சொல்வார்கள். அதுவே மூலவடிவம் என்பது என் கருத்து. வள் என்னும் வேர் வளைதலைக் குறிக்கும். வளை, வளையம், வளார். வகரத்தை அடுத்த அகரம் பேச்சில் இகரமாகியிருக்கலாம். மிலாறு என்ற வடிவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சாட்டை அடிக்கிற பொருள் என்று தள்ளினோம். புளியவிளாரால் அடி வாங்காத நம் தலைமுறை ஆள் உண்டா? லண்டனில் பிறந்த குழந்தைக்கோ அந்தச் சொல்லே தெரியாது. ஒற்றைத்தண்டுக் கன்று என்று எழுதுங்கள், படித்ததும் புரியும். கிளையோடு வருவதைக் கொப்புக்கன்று என்று சொன்னால் இணையும் கிடைத்துவிடும்.

யாழ்ப்பாணம்:
எனக்கும் அதுவே சரி.

திண்டுக்கல்:
என் ஓட்டும் அதற்குத்தான். பில்லிலும் அப்படியே எழுதலாம்.

லண்டன்:
எல்லோருக்கும் நன்றி. பலகையில் ஒற்றைத்தண்டுக் கன்று என்றே போடுகிறேன். தடி என்று சொன்ன சின்னவனிடம்தான் மொட்டுகளை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

மதுரை:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஒற்றைத்தண்டு என்பது விளக்கம், பெயர் ஆகாது. தெரியாத சொல் என்கிறீர்கள். பலகையில் எழுதினால்தானே தெரியும்? விளார்க்கன்று என்பதை ஓரத்தில் சிறிய எழுத்திலாவது சேருங்கள். வளாரா விளாரா என்பதை அடுத்த மடலில் எழுதுகிறேன்.