சூடேந்தி: கணினிக்குள் ஓடும் நீர்மத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, செயலியின் (சிபியு) சூட்டைத் தணிக்கக் கணினிக்குள் குழாய் வழியே ஓடவிடும் நீர்மத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று தொடங்கிய பேச்சில் குளிரூட்டி, குளிர்விப்பான், குளிர்நீர்மம், வெப்பாற்றி என்று பல சொற்கள் வந்துவிட்டன. இந்த நீர்மங்களை வீட்டுப் பொருள்களைக் கொண்டே நான் சோதித்து வருகிறேன். குறிப்புகளைத் தமிழில் எழுதும்போதுதான் எந்தச் சொல் நிற்கிறது, எது வழுக்குகிறது என்று தெரிகிறது. அதனால் சொல்லையும் சோதனையையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

> குளிரூட்டி எல்லோருக்கும் புரிந்த சொல். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புரிந்த சொல்தான், ஆனால் ஏசி என்று புரிந்த சொல். "குளிரூட்டியை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன்" என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். குளிர்விப்பான் விசிறிக்கும் பொருந்தும், தகட்டுக்கும் பொருந்தும், மொத்த அமைப்புக்கும் பொருந்தும். நீர்மத்தை மட்டும் சுட்டாது. குளிர்நீர்மம் என்றால் குளிர்ந்த நீர்மம் என்றே காதில் விழும். வேலை செய்துகொண்டிருக்கும் கணினியில் அது பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல்தான் இருக்கும்.

வெப்பாற்றி எனக்கும் முதலில் பிடித்தது. ஆற்றுதல் நாளும் புழங்கும் வினை. சிக்கல் புணர்ச்சியில் இருக்கிறது. வெப்பம் + ஆற்றி என்று சேர்த்தால் வெப்பமாற்றி. வெப்பம் + மாற்றி என்றாலும் அதே வெப்பமாற்றி. பின்னது வேறொரு கருவியின் பெயர். நீர்மம் ஓடும் இதே சுற்றில், சூட்டைக் காற்றுக்கு விடும் ரேடியேட்டர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பதே அதுதான். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. வெப்பு + ஆற்றி என்று கொண்டு தப்பிக்கலாம், ஆனால் வெப்பு என்றதும் பாண்டியனின் வெப்புநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஆற்றுநீர்மம் என்றால் ஆறே ஓடிவந்துவிடும்.

சரி, அந்த நீர்மம் உண்மையில் என்ன செய்கிறது? செயலியின் மேல் இருக்கும் செம்புக் கட்டியில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. குளிர்விப்பது ரேடியேட்டரும் விசிறியும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், 200 வாட் சூட்டை வாங்கியபின் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரிதான் உயரும். அந்த அளவு தாங்கும் சுமைகாரர் அது. சொல்லில் இந்த வேலை தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் நான் முன்வைப்பது சூடேந்தி. சூட்டை ஏந்திச் செல்வது.

இனி சோதனைகள். ஒரு நீர்மத்தைப் பார்த்து "நல்ல குளிர்விப்பான்" என்று சொன்னால் எதை அளப்பது என்றே தெரியவில்லை. "நல்ல சூடேந்தி" என்றால் முதல் கேள்வி தானாக எழுகிறது: எவ்வளவு ஏந்தும்?

அதை அளக்க ஒரு வாயகன்ற வெப்பக்குடுவை, மீன்தொட்டிக்குப் போடும் 50 வாட் சூடேற்றி, ஒரு வெப்பமானி போதும். ஒரு கிலோ வடிநீரை (காய்ச்சி வடித்த நீர்) எடுத்து, சூடேற்றியை அதன் குறி வரை மூழ்கவைத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் கணக்குப்படி 7 டிகிரிக்குச் சற்று மேல் ஏற வேண்டும். இத்தகைய நீர்மங்களில் நீரோடு கலக்கும் எத்திலீன் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளும் நீரும் எடையில் சரிபாதி கலந்த ஒரு கிலோவில் அதே சூடு 9 டிகிரி வரை ஏற்றிவிடும். கிளைக்கால் கூடக்கூட ஒவ்வொரு டிகிரிக்கும் ஏந்தும் சுமை குறைகிறது. குடுவையும் சூடேற்றியும் தாமே கொஞ்சம் சூட்டைக் குடிப்பதால் வெப்பமானி கணக்கைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும்; இரண்டு நீர்மத்துக்கும் ஒரே குடுவை என்றால் ஒப்பீடு கெடாது. இன்னொன்று: சூடேற்றியிலுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாடு 32, 34 டிகிரியில் தானே அணைத்துவிடும். எனவே குளிர்ந்த நீர்மத்தில் தொடங்க வேண்டும்.

அடுத்தது அரிமானம், அதாவது உலோகம் அரிக்கப்படுவது. வாகன எஞ்சின் நீர்மங்களுக்கு, ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பின் டி1384 என்றொரு சோதனை முறை இருக்கிறது: கண்ணாடிக் கலத்தில் உலோகத் துண்டுகளை மூழ்கவைத்து, 88 டிகிரியில், காற்றுக் குமிழ் விட்டபடி 336 மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். வீட்டில் அத்தனை நேரம் ஆளில்லாமல் சூடேற்றி வைப்பது நல்லதல்ல. அறை வெப்பத்திலேயே வைக்கலாம். மாற்றம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

இரண்டு கண்ணாடிச் சீசாக்களில் ஒரே நீர்மத்தை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் துண்டும் ஓர் அலுமினியத் துண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். ஒரு சீசாவில் மட்டும் அவற்றின் மேல் முனைகளை நீர்மத்துக்கு வெளியே கம்பியால் இணையுங்கள். உப்பு கலந்த குழாய்நீர் என்றால் இணைத்த சீசாவில் அலுமினியத்தின் ஓரத்தில் வெண்பொடி கட்டத் தொடங்கும், துடைத்துப் பார்த்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் குழிகள். செம்பு பளபளப்பாகவே இருக்கும். இணைக்காத சீசாவில் அலுமினியம் அவ்வளவு கெடுவதில்லை. செம்புக் கட்டியும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். நல்ல அரிமானத் தடுப்பி கலந்த சூடேந்தி என்றால் இணைத்த சீசாவும் நெடுநாள் தெளிவாக நிற்க வேண்டும். செம்பைக் காக்கப் பரவலாகச் சேர்க்கும் தடுப்பி பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருள். எடை இழப்பைப் பார்க்கச் சமையலறைத் தராசு உதவாது, மில்லிகிராம் காட்டும் சிறு தராசு வேண்டும்.

மின்கடத்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "மின்கடத்தாச் சூடேந்தி" என்ற பதிவும் நம் பட்டியலில் வரப்போகிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவில் இரண்டு முனைகளையும் நீரில் விட்டால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். நேர்மின்னோட்டத்தில் முனைகளின் மேல் மின்னூட்டம் சேர்ந்து அளவைக் கெடுக்கிறது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மாறுமின்னோட்டத்தில் அளப்பதால் அதை நம்பலாம். ஆனால் அது அயனிகளை மட்டுமே பார்க்கும். கிளைக்கால் அயனியாகப் பிரியாது. வடிநீரில் தூய கிளைக்காலைக் கலந்தால் அந்தக் கருவி தூய நீர் என்றே சொல்லும்.

புதிதாகத் திறந்த வடிநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். சுற்றுக்குள் ஓடத் தொடங்கியதும் உலோகத்திலிருந்தும், காற்றின் கரியமில வாயுவிலிருந்தும் அயனிகள் சேர்ந்து கடத்தல் ஏறும். ஆகவே புட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்து நீர் சார்ந்த எதையும் நாம் மின்கடத்தா வகையில் சேர்க்கக் கூடாது. அந்தப் பெயர் கனிம எண்ணெய்க்கும் ஃபுளூரோகார்பன் நீர்மங்களுக்கும் உரியது. 1985இல் வந்த கிரே-2 மீக்கணினியின் சுற்றுப் பலகைகள் ஃபுளூரினெர்ட் என்ற அத்தகைய நீர்மத்தில் மூழ்கியே வேலை செய்தன.

அமில-காரத் தாள் சோதனையை வடிநீரில் செய்து பயப்பட வேண்டாம். காற்றுபட்ட வடிநீர் லேசான அமிலமாகத்தான் இருக்கும், தாளும் அதில் தடுமாறும்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ இருக்கும் வீட்டில் சீசாவை மூடி, பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள். உணவுக்குப் பயன்படுத்தும் பாத்திரம் எதுவும் இதில் வேண்டாம். புரோப்பிலீன் கிளைக்காலின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. முடிந்தால் அதையே எடுங்கள்.

சூடேந்தி பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள். சூரிய வெப்ப மின்நிலையங்களில் உருகிய உப்பும் சூட்டைச் சுமந்துதான் செல்கிறது, ஆனால் அங்கே எதையும் குளிர்விப்பது நோக்கமல்ல. அதுவும் சூடேந்தியா? அணுவுலைப் பாடத்தில் குளிர்விப்பான் என்று படித்துவந்த மாணவர்களை என்ன செய்வது?

———

மறுமொழி:

நல்ல கேள்வி. ஆம், உருகிய உப்பும் சூடேந்திதான். அணுவுலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: உலையின் சூட்டை நீராவி உண்டாக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அங்கே ஓடும் நீரின் முதன்மை வேலை. கணினி, எஞ்சின், அணுவுலை, சூரிய நிலையம் நான்கிலும் வேலை ஒன்றே; இறக்கிய சூட்டைக் காற்றில் விடுகிறோமா, பயன்படுத்துகிறோமா என்பது அடுத்த கட்டம். பாடநூலில் உள்ள சொல்லை மாற்றச் சொல்லவில்லை. நம் பட்டியலில் குளிர்விப்பான் என்ற பதிவின்கீழ் "நீர்மத்தைக் குறிக்கும்போது சூடேந்தி காண்க" என்று போட்டுவிடலாம்.

அப்புறம், சூடேந்திச் சுற்று, சூடேந்தித் தொட்டி, மின்கடத்தாச் சூடேந்தி ஆகிய மூன்றும் இடறில்லாமல் சேர்கின்றன. நீர் கலந்து பயன்படுத்தும்படி சிறு புட்டியில் வரும் அடர்கலவைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. சூடேந்திச் செறிவு என்றால் கரைசலின் செறிவு அளவோடு குழம்புகிறது. செறிசூடேந்தி என்றால் வாயில் நுழையுமா? அடர்சூடேந்தி? இதற்கு யாராவது கைகொடுங்கள்.