வானிலை ஏபிஐ கம்பெனி கைமாறிருச்சு: மஞ்சக் களத்து ஆப்புக்கு என்ன வழி?

பெருந்துறையான்
கொடுமுடி, சிவகிரிப் பக்கம் மஞ்சள் வேக வெச்சுக் களத்துல காயப்போடுறவங்களுக்கான ஆண்ட்ராய்டு ஆப்புங்க. அடுத்த 48 மணி நேரத்துல மழை வருமா, தார்ப்பாய் எப்பப் போடோணும்னு சொல்றது மட்டும்தான் வேலை. ஏபிஐ (ஆப் கேட்டா வானிலைத் தகவல் குடுக்குற இணையச் சேவை) வழியா டேட்டா குடுத்த கம்பெனியை வேறொருத்தர் வாங்கிட்டாங்க, அதைக் கேக்க வேண்டிய இலவசக் கீ (அனுமதிக் குறியீடு) மாசக் கடைசியோட சரியாம். கீ ஆப்புக்குள்ளயே இருக்குது, வர்ற பதில் டார்க் ஸ்கைங்குற பழைய வானிலை ஏபிஐயோட ஜேசன் (JSON) வடிவம். ஆப்புல விளம்பரமும் ஓடுது. என்ன பண்றதுங்க?

காங்கயம் க்ரான்
டார்க் ஸ்கையை 2020ல ஆப்பிள் வாங்கி, 2023 மார்ச் 31ல ஏபிஐயை மூடுச்சு. நாளைக்கு இன்னொண்ணும் இப்படித்தான் போகும். அதனால மொதல்ல கீயை ஆப்பை விட்டு வெளிய எடுங்க. ஒரு சின்ன சர்வர், உங்க சொந்த டொமைன். ஆப் அதை மட்டும் கேக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள இந்த வெர்ஷன் போயாகணும். அப்டேட் பண்ணாதவங்க போன்ல பழைய கீதான் இருக்கும்.

அதைவிட முக்கியம்: பதில் வராட்டி உங்க கோடு என்ன காட்டுதுன்னு பாருங்க. வெத்து மதிப்பை 0ன்னு எடுத்துக்கிட்டா "மழை இல்லை"ன்னு வந்துரும், களத்து மஞ்சள் நனைஞ்சு நிறம் போயிரும். 6 மணி நேரத்துக்கு மேல பழசானா "தகவல் இல்லை"ன்னு காட்டுங்க.

பதிலோட டார்க் ஸ்கை வடிவம் மாறாம வேணும்னா பைரேட் வெதர்னு ஒரு ஏபிஐ இருக்குது. நம்ம ஊருக்கு அதுல ஜிஎஃப்எஸ் மாதிரி உலகம் பூராவுக்குமான கணிப்பு மாடல்தான், ஒரு கணிப்புக் கட்டத்தோட அகலம் சுமார் 28 கிலோமீட்டர்.

ஆனமலைக் காத்து
ஓப்பன்-மீட்டியோன்னு இன்னொரு வானிலை ஏபிஐ இருக்குது, அதோட இலவச சர்வர் வியாபாரம் அல்லாததுக்கு மட்டும். விளம்பரம் இருந்தா அது வியாபாரம். காசு கட்டலாம், இல்ல மூலக்கோடு திறந்ததுதான், நீங்களே ஓட்டிக்கலாம். நார்வே வானிலைத் துறை ஏபிஐயில விளம்பர ஆப்புக்கும் தடை இல்லை, மூலம் யாருன்னு போட்டா போதும்.

மாத்தும்போது அலகு பாத்துக்கோங்க. டார்க் ஸ்கையில மழை வாய்ப்பு 0.3ன்னா ஓப்பன்-மீட்டியோவுல 30. "0.5க்கு மேல போனா எச்சரி"ன்னு கோடு கெடந்தா தினமும் மணி அடிக்கும்.

பெருந்துறையான்
நார்வேயை வெச்சுப் பாத்தேன், 403 (அனுமதி இல்லை) வருதுங்க.

ஆனமலைக் காத்து
யூசர்-ஏஜென்ட்ல (கேக்குறது யாருன்னு சர்வருக்குச் சொல்ற வரி) ஆப் பேரும் தொடர்பு மெயிலும் போடுங்க. லைப்ரரி போடுற பொதுப் பேரை ஏத்துக்க மாட்டாங்க. அட்சரேகை, தீர்க்கரேகை 4 தசமத்துக்கு மேல வேண்டாம். உங்களுக்கு 2 தசமமே தாராளம், பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரே கேஷ் (சேத்து வெச்ச பதில்) போதும். பதிலோட வர்ற எக்ஸ்பைர்ஸ் ஹெட்டர்ல (காலாவதி வரி) இருக்குற நேரம் வரைக்கும் மறுபடி கேக்காதீங்க.

அதுல வர்ற நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நம்ம நேரம் இல்லீங்க. 5 மணி 30 நிமிஷம் கூட்டாம நாள் கணக்குப் போட்டா, விடியக்காலம் 3 மணி மழை முந்தின நாள்ல போய் உக்காந்துரும்.

காங்கயம் க்ரான்
ஒண்ணு விட்டுப்போச்சு: ஏப்ரல் கோடை மழைக்கு இந்த மாடல் எதையும் மில்லிமீட்டர் வரைக்கும் நம்பாதீங்க. ஒரு இடி மேகம் கட்டத்தைவிடச் சின்னது, பெருந்துறையில கொட்டும், சென்னிமலையில தூறல்கூட இருக்காது. அந்த மாசங்கள்ல மழை வாய்ப்பு 30 சதவீதம் தாண்டினாலே தார்ப்பாய் எச்சரிக்கை குடுத்துருங்க.