வைட்டமின் டி மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்ததால் அம்மாவுக்கு இப்படி ஆகுமா?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம். 62 வயதாகும் என் அம்மாவுக்கு முழங்கால் வலிக்காகத் தை மாதத்தில் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை, வாரம் ஒன்று வீதம் 8 வாரங்களுக்கு எழுதித் தந்தார்கள். வலி சற்றுக் குறைந்ததால், அதே சீட்டைக் காட்டி வாங்கி, ஏழு மாதமாகியும் அவர் நிறுத்தவில்லை. கடைசி இரண்டு மாதங்களாக வாரத்திற்கு இரண்டு போடுகிறார். இரவில் கால்சியம் மாத்திரையும் உண்டு. இப்போது பசியில்லை, மலச்சிக்கல், தீராத தாகம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சூடு என்று எண்ணி மோர் கொடுத்து வருகிறோம். சர்க்கரை அளவு இயல்பாகவே உள்ளது. சத்து மாத்திரையும் இப்படிச் செய்யுமா?

பதில் (கிருஷ்ணகிரி, மருந்தாளுநர்)

செய்யும். இரண்டு மாத்திரைகளையும் இன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி, சி வைட்டமின்களில் மிகுதியானது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும்; ஆனால் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை என்பதால் உடலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மருத்துவர் மேற்பார்வையின்றி ஒரு பெரியவர் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வாரம் இரண்டு மாத்திரை என்றால் நாளுக்குச் சராசரியாக 17,000 யூனிட்டுக்கும் மேல். வைட்டமின் டி மிகும்போது குடல் கால்சியத்தை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. இரத்தத்தில் கால்சியம் ஏறினால், நீங்கள் சொன்ன அதே தொல்லைகள் வரும். கவனிக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகும், கல்லும் உண்டாகும். இரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது), வைட்டமின் டி ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்த அழுத்தத்திற்கு ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரை எடுக்கிறாரா? அதுவும் கால்சியத்தை ஏற்றும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் (பென்னாகரம்)

சகோதரி, நம் பக்கத்து மூட்டு வலியை எல்லாம் சத்துக் குறைவு என்று கொள்ள வேண்டாம். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி வலிப்பதுண்டு. என் மாமனாருக்கும் அப்படித்தான். அது தெரியாமல் அவர் இரண்டு ஆண்டுகள் கால்சியம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அம்மா எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதில் (ஓசூர்)

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நரம்புக்கென்று வாங்கும் மாத்திரைகளில் உள்ள பி6 கூட, அதிக அளவில் நீண்டகாலம் எடுத்தால் கால் மரத்துப்போகச் செய்யும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நேற்றே அழைத்துச் சென்றோம். இரத்தத்தில் கால்சியம் 12.1 இருந்தது, 10.5க்குள் இருக்க வேண்டுமாம். உள்நோயாளியாகச் சேர்த்து, நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றுகிறார்கள். கொழுப்பில் சேர்ந்த வைட்டமின் கரைய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வீடு திரும்பிய பிறகும் அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.