மிக்ஸில ஸ்மூத்தி போட்டா பாதில நின்னுடுது, தனியா பிளெண்டர் வாங்கணுமா?

தண்டையார்பேட்டை_அம்மா:
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். பையன் பத்தாவது படிக்கிறான், வியாசர்பாடி பக்கம் ஃபுட்பால் கோச்சிங் போறான், காலைல அஞ்சு மணிக்கே கெளம்பறவன் ஒரு இட்லி கூட உள்ள தள்ள மாட்டேங்கறான், கேட்டா சாப்ட்டு ஓடுனா வாந்தி வருதாம். கோச் தான் ஸ்மூத்தி மாதிரி ஏதாவது குடிச்சிட்டு வான்னு சொல்லிட்டாரு, அன்னிலேர்ந்து இவன் ஃபோன்ல வீடியோ பாத்து பாத்து எங்க கிச்சனை ஒரு வழி பண்ணிட்டு இருக்கான். எங்ககிட்ட இருக்கறது 500 வாட்ஸ் மிக்ஸி, மூணு ஜார், எட்டு வருஷம் ஆச்சு. முந்தாநேத்து நைட்டு வாழைப்பழத்தை ஃப்ரீசர்ல வெச்சு கல்லு மாதிரி ஆக்கி, கூட பேரீச்சம்பழம், ஓட்ஸ், ஐஸ் எல்லாத்தையும் சட்னி ஜார்ல திணிச்சு மேல கொஞ்சூண்டு பால் ஊத்தி மூணுல வெச்சுட்டான், ங்ங்ங்னு ஒரு சத்தம், ரப்பர் தீயற நாத்தம், அப்படியே செத்து போச்சு. மறுநாள் இட்லிக்கு சட்னி இல்ல, பொடி தான், மாமியார் மூஞ்சியை பாக்கணுமே!

இப்ப பையன் தனியா பிளெண்டர் வாங்கியே ஆகணும்னு ஒத்த கால்ல நிக்கறான். நெஜமாவே மிக்ஸியும் பிளெண்டரும் வேற வேறயா? இன்னொண்ணு, வீட்டுக்காரருக்கு சாத்துக்குடி ஜூஸ் மிக்ஸில அடிச்சா ஒரே கசப்பு. அது ஏன்னும் சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_மெக்கானிக்:
அம்மா மொதல்ல மிக்ஸியை கவுத்து போடு, வயரை புடுங்கிட்டு தான். அடில செவப்பா ஒரு குட்டி பட்டன் இருக்கும், அது ஓவர்லோடு சுவிட்ச். லோடு தாங்கலன்னா அதுவே வெளிய தள்ளிகினு கரண்ட்டை கட் பண்ணிடும். ஒரு அரை மணி நேரம் ஆற வுட்டுட்டு அதை உள்ள அமுக்கு, டிக்னு ஒரு சத்தம் கேக்கும், அப்பால ஜார் இல்லாம ஒரு செகண்டு ஓட்டி பாரு. என்கிட்ட மிக்ஸி செத்து போச்சுன்னு தூக்கினு வர்றவங்கள்ல பாதி பேர் இந்த பட்டனுக்கு தான் வர்றாங்கோ, நானும் அமுக்கி குடுத்துட்டு காசு வாங்காம அனுப்பிடுவேன் (எல்லார்கிட்டயும் இல்ல).

ரப்பர் நாத்தம்னா கப்ளர் தேஞ்சிருக்கும், ஜார் குந்தற எடத்துல பல்லு பல்லா இருக்குமே அது. சில்லற செலவு தான். வார்னிஷ் கருகுன மாதிரி நாத்தம், புகைன்னா தான் மோட்டர் காயில் மேட்டர், அது பேஜாரு. ஜாரை கவுத்து அடில கையால சுத்தி பாரு, லூசா சுத்தணும். டைட்டா இருந்தா உள்ள பிளேடு தண்டு சுத்தற வளையம் கீதே, புஷ்னு சொல்வோம், அதுல பால் எறங்கி காஞ்சி ஒட்டிகினு கீது, அத்தொட்டு தான் மோட்டர் மூச்சு முட்டுது. மில்க்ஷேக் போடற வீட்டு ஜார் எல்லாம் இப்டி தான் வரும். குடிச்சி முடிச்ச ஒடனே தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் ஊத்தி ஒரு சுத்து வுட்டா இந்த ரோதனை இல்ல.

அடில ஸ்டிக்கர்ல 30 மினிட்ஸ்னு போட்டிருக்கான்னு ஒரே மூச்சுல அரை மணி ஓட்டாதீங்கோ. அஞ்சு நிமிஷம் ஓட்டி ரெண்டு நிமிஷம் நிறுத்தி ஓட்டற கணக்கு அது. சாயங்காலம் வோல்டேஜ் டல்லா இருக்கறப்போ ஐஸ் போடவே போடாதீங்கோ, சுத்த முடியாம மோட்டர் நின்னுச்சுன்னா அந்த கரண்ட் பூரா சூடா தான் மாறும். 2011ல ஆரம்பிச்சி கவர்மெண்ட்ல குடுத்தாங்களே விலையில்லா மிக்ஸி, அதை இன்னிக்கும் ஓட்டிகினு கீறவங்க எங்க ஏரியால இருக்காங்கோ. புதுசு வாங்கறது உங்க இஷ்டம், ஆனா இப்டியே திணிச்சா அதுவும் என்கிட்ட தான் வரும்.

ஜூஸ்கடை_பையன்:
அக்கா நான் பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு ஜூஸ் கடைல ஆறு வருஷம் நின்னவன், இப்ப வேற வேலை. மிஷின் மேல தப்பு இல்லக்கா, தம்பி போட்ட வரிசை தப்பு. பால் தான் மொதல்ல, பிளேடு முழுகணும். அதுக்கு மேல மெதுவான பழம், கல்லு மாதிரி இருக்கறது கடைசில. தம்பி பண்ண மாதிரி கெட்டியை அடில போட்டா பிளேடு தனக்கு ஒரு குழி தோண்டிகிட்டு காத்துல சுத்தும், மேல இருக்கறது அப்படியே ஒக்காந்திருக்கும், நீங்களும் ஏதோ அரையுதுன்னு நெனச்சிட்டு நிப்பீங்க. அப்ப நிறுத்திட்டு ஒரு ஆட்டு ஆட்டி ரெண்டு ஸ்பூன் பால் ஊத்துங்க, ஸ்பீடு ஏத்தாதீங்க.

சட்னி ஜார் வேணாம், அந்த பெரிய ஒசர ஜார் தான் இதுக்கு. பாதிக்கு மேல நெரப்பாதீங்க, நுரை வந்து மூடியை தூக்கும். நாபை எதிர் பக்கம் திருப்பி விட்டு விட்டு புடிக்கிறோம்ல, அந்த விப்பர்ல நாலு தட்டு தட்டி கட்டி ஒடைஞ்ச அப்புறம் ஒண்ணு, அப்புறம் ரெண்டு. எங்க மாஸ்டர் கண்ணை மூடிட்டு சத்தத்தை வெச்சே சொல்வாரு, கடகடன்னு இருந்தது நின்னு ஸூஸூஸூன்னு ஒரே சீரா வந்தா ஆஃப் பண்ணுடாம்பாரு. அதுக்கு மேல ஓட்டினா சூடாகி பால் திரியற மாதிரி ஆகும், தயிரா இருந்தா வெண்ணெய் ஒதுங்கி தண்ணி தனியா நிக்கும், லஸ்ஸி போச்சு.

கடைல அவ்ளோ திக்கா எப்டி வருதுன்னு எல்லாரும் கேப்பாங்க. ஐஸ்கிரீம் எல்லாம் அப்புறம், பால் பாக்கெட்டையே ஃப்ரீசர்ல போட்டு கட்டி ஆக்கிடுவோம், அதை தான் ஒடைச்சு அடிப்போம், ஐஸ் போட்டா உருகி தண்ணியாயிடும்ல. ஆவின்ல பச்சை பாக்கெட்ல கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்துல 3, பச்சைல போட்டு பாருங்க வித்தியாசம் நாக்குலயே தெரியும். வீட்ல பால் கட்டியை பூரிக்கட்டையால தட்டி சின்ன சின்னதா ஒடைச்சிட்டு தான் ஜார்ல போடணும், 500 வாட்ஸை முழுசா கடிக்க சொல்லாதீங்க பாவம்.

சாத்துக்குடி மேட்டர். கொட்டையும் அந்த வெள்ளை தோலும் அரைபட்டா கசப்பு எறங்கிடும், அடிச்சு வெச்சுட்டா நேரம் ஆக ஆக இன்னும் கசக்கும். கொட்டை எடுத்துட்டு, வெள்ளையை உரிச்சிட்டு, தண்ணி ஊத்தாம விப்பர்ல ரெண்டே தட்டு, வடிகட்டி ஒடனே குடுங்க. மாதுளை, கருப்பு திராட்சை எல்லாம் இதே தான். என்னை கேட்டா சாத்துக்குடிக்கு கைல பிழியறது தான் நல்லாருக்கும், மிக்ஸியை தொடவே வேணாம்.

ராயபுரம்_மருமக:
அக்கா என் பங்குக்கு ரெண்டு விஷயம். பப்பாளியும் பாலும் சேத்து அடிச்சு வெச்சா கசக்கும், அன்னாசியும் அதே கதை, அதுல இருக்கற என்சைம் பால்ல இருக்கற புரோட்டீனை ஒடைச்சிடுதாம். நான் ஒரு தடவை கெஸ்ட்டுக்கு பப்பாளி மில்க்ஷேக் போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சு குடுத்தேன், பாவம் நாத்தனார் வீட்டுக்காரர் மரியாதைக்கு பாதி குடிச்சாரு. மாம்பழம், சப்போட்டா, வாழைக்கு இந்த தொல்லை இல்ல.

அப்புறம் சூடா எதையும் மூடி போட்டு அடிக்காதீங்க. தக்காளி சூப்புக்கு வேகவெச்சதை அப்படியே ஊத்தி ஆன் பண்ணேன், ஆவி முட்டி மூடி எகிறி சீலிங் வரைக்கும் தக்காளி, கைல கொப்புளம். பேரீச்சம்பழத்தை வெந்நீர்ல ஊற வெப்பீங்கல்ல, அதையும் ஆறவிட்டு தான் போடணும். கொட்டை எடுத்தீங்களான்னு ரெண்டு தடவை பாருங்க, ஒரு கொட்டை போதும் பிளேடு மழுங்க. ஓட்ஸை முன்னாடியே காஞ்ச ஜார்ல பொடி பண்ணி டப்பால வெச்சுக்கோங்க, காலைல அவசரத்துக்கு ரெண்டு ஸ்பூன்.

குப்பி மாதிரி தலைகீழா சொருகற சின்ன பிளெண்டர் என்கிட்டயும் இருக்கு. ஒரு ஆளுக்கு, மெதுவான பழத்துக்கு ஓகே, அடிச்ச பாட்டில்லயே மூடி போட்டு எடுத்துட்டு போயிடலாம், அதுக்கு தான் வாங்கினதே. இட்லிக்கு சட்னி அரைக்க நெனச்சா ஆகற கதையா!

தண்டையார்பேட்டை_அம்மா:
மெக்கானிக் அண்ணா, பட்டன் வெளிய தான் இருந்துச்சு!! அமுக்கினேன், ஓடுது. கப்ளர்ல ரெண்டு பல்லு போயிருக்கு, மாத்திக்கறேன். இன்னிக்கு காலைல ஜூஸ்கடை தம்பி சொன்ன வரிசைல பச்சை பாக்கெட் பால், ஊற வெச்ச பேரீச்சம்பழம் நாலு, வாழைப்பழம் ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து பத்து நிமிஷம் வெளிய வெச்சு நறுக்கி போட்டேன். விப்பர்ல அஞ்சு தட்டு, அப்புறம் அரை நிமிஷம், அவ்ளோ தான். அந்த ஸூஸூ சத்தம் எனக்கும் கேட்டுச்சு தம்பி. ஒரு டம்ளர் பூரா குடிச்சிட்டு ஓடினான், பிளெண்டர் பேச்சே எடுக்கல இன்னிக்கு.

மாமியார் தான், இந்த கண்றாவிக்கு கேழ்வரகு கூழை அப்படியே மிக்ஸில அடிச்சு குடுன்னு சொல்றாங்க. கூழை அடிக்கலாமா?

ஜூஸ்கடை_பையன்:
ஐயோ அக்கா, வேணாம். கூழை மிக்ஸில விட்டா பசை மாதிரி இழுக்கும், அது கையால கரைக்கறது தான். மோரு, சின்ன வெங்காயம் போட்டு கரைச்சு குடுங்க, தம்பிக்கு புடிக்கலன்னா எனக்கு அனுப்புங்க.

கொருக்குப்பேட்டை_மெக்கானிக்:
கூட கருவாடு இருந்தா எனக்கும் ஒரு சொம்பு.